அந்த வீடியோவை நீக்கிவிட்டேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பறையாக இருந்தால் "கையைக் கட்டி உட்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பேன். இங்கே கேட்டுக்கொள்ளத்தான் முடியும். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

கடந்த மே மாதம் ஒரு வீடியோ போட்டிருந்தேன், நினைவிருக்கும். என் மகள் வயிற்றுப் பேத்தி, மூன்றாம் வகுப்பு முடித்தவள், தன் கினி பிக்குக்குத் தலைசீவிச் சிவப்பு ரிப்பன் கட்டுகிற வீடியோ. தரையைத் தொடுகிற வெள்ளை முடி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியாது. முந்நூறு பேருக்கு மேல் இதயம் போட்டீர்கள். "செம கியூட் டீச்சர்" என்று எழுதினீர்கள். எங்கே வாங்கலாம், என்ன விலை என்று நாலைந்து பேர் கேட்டீர்கள். நானும் பெருமையாகப் பதில் சொன்னேன்.

அந்த வீடியோவை இப்போது நீக்கிவிட்டேன். அதில் இருந்த பொம்மி செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது. வீடியோவில் அது அசையாமல் உட்கார்ந்திருந்ததே, அது சமத்தால் அல்ல. அப்போதே அதற்கு உடம்பு முடியாமல் இருந்திருக்க வேண்டும்.

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் (பையன் என்ன பையன், அவனுக்கே நாற்பது வயது) போன் செய்தான். "டீச்சர், உங்க வீடியோவைப் பார்த்துட்டு என் மகளும் ஒரே அழுகை. நீள முடி உள்ளதாப் பார்த்து ஒரு ஜோடி வாங்கிட்டேன்" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலாண்டு விடுமுறைக்கு வாங்கலாம், பிறந்தநாளுக்கு வாங்கலாம் என்று இன்னும் எத்தனை வீட்டில் பேச்சு நடக்கிறதோ. அதனால் எழுதுகிறேன்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீள முடி கினி பிக்கைக் குழந்தையின் முதல் வளர்ப்புப் பிராணியாக வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வாங்கவே வாங்காதீர்கள். "குழந்தைக்குப் பொறுப்பு வரும்" என்ற காரணத்துக்காக எந்த உயிரையும் வாங்காதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கோயம்புத்தூரில் வாங்கினார்கள். அப்போது முடி தரையைத் தொடவில்லையாம். இந்த இனத்துக்கு மாதம் ஏறக்குறைய ஓர் அங்குலம் முடி வளரும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பேத்தி இங்கே வந்தாள், பொம்மியும் கூடவே வந்தது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் பெரிய ஆள் என்றால் நான் ஒருத்திதான்.

பேத்தி தினமும் சீவினாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் மேல்முடியை மட்டும் சீவினாள். எட்டு வயதுக் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரிவதுதானே தெரியும்? அடியில், வயிற்றிலும் பின்பக்கத்திலும் இருந்த முடி மூத்திரத்தில் நனைந்து, புழுக்கையும் புல்லும் ஒட்டி, கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாகிவிட்டது. ஒரு நாள் மதியம் ஒரு மாதிரி வாடை வந்தது. தூக்கித் திருப்பிப் பார்த்தேன். புழு வைத்திருந்தது.

கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் கொண்டு ஓடினேன். அவர் ஆடு மாடு பார்க்கிறவர். ஆனாலும் பொறுமையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, முடியைக் கத்தரித்து, புண்ணைக் கழுவினார். முடியை எடுத்த பிறகு பார்த்தால் உள்ளே எலும்பும் தோலும்தான். எடை ஐந்நூறு கிராம்கூட இல்லை. வளர்ந்த கினி பிக் 700 முதல் 1,200 கிராம் வரை இருக்க வேண்டும். "டீச்சர், ஒரு ஆட்டுக்கு இப்படி வந்திருந்தா முதல் நாளே கண்ணுல பட்டிருக்கும். இந்த முடிதான் எல்லாத்தையும் மறைச்சிட்டு" என்றார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

மண்ணை மூடும்போது பேத்தி கேட்டாள்: "ஆச்சி, நான் அடியில சீவல. மேல மட்டும்தான் சீவினேன். அதனாலதான் செத்துட்டா?"

முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியவள் நான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. பொறுப்பு வரட்டும் என்று வாங்கிக் கொடுத்தோம். "என்னாலதான் செத்துப்போச்சு" என்ற எண்ணத்தை அந்தச் சின்ன மனசில் ஏற்றிவிட்டோம். தப்பு செய்தது பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர். தண்டனை பொம்மிக்கும் பிள்ளைக்கும்.

இப்போது நீங்கள் சொல்லப்போகிற ஒவ்வொரு பதிலையும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே நானும் சொன்ன பதில்கள்தான்.

"பிராணி வளர்த்தால் குழந்தைக்குப் பொறுப்பு வரும் டீச்சர்."

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது, பிள்ளை தப்புச் செய்து பழகுகிற இடத்தில் தப்புக்கு விலை குறைவாக இருக்க வேண்டும் என்பது. அதனால்தான் முதலில் சிலேட்டு கொடுத்தோம், அழித்து எழுதலாம். பொறுப்பைப் பழக்க ஒரு ரோஜாத் தொட்டி கொடுங்கள். மொட்டை மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிற வேலையைக் கொடுங்கள். மறந்தால் மறுநாள் ஊற்றலாம். உயிரைச் சிலேட்டாக்கிக் கொடுத்தால் அழித்து எழுத முடியாது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். மனிதனுக்காகச் சோதனைக்கூடத்தில் உயிரைக் கொடுத்த பிராணி இது. 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தாரே, அந்த ஆராய்ச்சியிலும் கினி பிக் உண்டு. ஆனால் இன்று நம் நாட்டில் ஒரு ஆய்வுக்கூடம் கினி பிக் வைத்திருந்தால் கூண்டின் அளவு, அறையின் வெப்பம், தீவனம் எல்லாவற்றுக்கும் நெறிமுறை உண்டு, கேள்வி கேட்க ஒரு குழு உண்டு. வீட்டில் நாம் செய்கிற "பொறுப்பு வருதா பார்ப்போம்" என்ற சோதனையைக் கேட்க ஒருவரும் கிடையாது.

"சின்னப் பிராணிதானே, சின்ன வேலைதான்."

கணக்குப் போடுவோம், வாருங்கள். நீள முடி இனங்களில் பெருவியன் என்பதற்கு முடி முகத்தின் மேலேயே விழும். ஷெல்டி என்பதற்குப் பின்னோக்கிப் படியும். டெக்செல் சுருட்டை முடி. எதுவாக இருந்தாலும் தினமும் சீவ வேண்டும், தூக்கி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது பின்பக்க முடியைத் தரையில் புரளாதபடி வெட்ட வேண்டும். நகமும் வெட்ட வேண்டும். வெளிநாட்டில் கண்காட்சிக்கு இந்த இனங்களை வளர்ப்பவர்கள் முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, தாளில் மடித்து, ரப்பர் பேண்டு போட்டு வைப்பார்கள். அதையே பொழுதாக வைத்திருக்கிற பெரியவர்கள் செய்கிற வேலை அது. நீங்கள் ரீல்ஸில் பார்க்கிற பட்டு முடிக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது. பள்ளி, டியூஷன், ஹோம்வொர்க் முடித்து வருகிற பிள்ளையால் ஆகிற காரியமா அது?

இன்னொரு கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கினி பிக் ஐந்து முதல் எட்டு வருஷம் இருக்கும். எட்டு வயதில் வாங்கிக் கொடுத்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை அந்தப் பிள்ளை தினமும் முடி சீவ வேண்டும். சீவுமா? நீங்கள்தான் சீவ வேண்டும். அப்படியானால் அது உங்கள் பிராணி, பிள்ளையுடையது அல்ல. உங்களுக்கு நேரமும் மனசும் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

"ஏதாவது காய்கறி போட்டால் தின்னும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். கேரட், ரொட்டித் துண்டு, மீந்த சோறு என்று கிடைத்ததைப் போட்டேன். இதில்தான் எனக்கு ரொம்ப வெட்கம். வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி, ஈறுகளில் இரத்தம் கசியும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. 1907-ல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. உணவுக் குறையால் வருகிற நோய் அது என்று உலகத்துக்கு நிரூபிக்க உதவியதே இந்தப் பிராணிதான். அதன் முன்னால் உட்கார்ந்து நான் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறேன்.

அதற்கு முக்கியச் சாப்பாடு காய்ந்த புல். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். வைக்கோல் வேறு, காய்ந்த புல் வேறு. வைக்கோலில் சத்து இல்லை.

"ஏசி ரூமில் வைத்துக்கொள்வோம்."

இது ஆண்டிஸ் மலைப் பக்கத்துப் பிராணி. பேர்தான் கினிப்பன்றி. கினியாவிலிருந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. பெரு நாட்டு மலைமக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக வளர்ப்பது. அதற்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். முப்பதை நெருங்கினாலே தவிக்கும். நம்மைப் போல வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் முடியாது. சங்கரன்கோவிலில் சித்திரை, வைகாசியில் நம் பட்டாசாலையிலேயே எவ்வளவு அடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

நம் பெரியவர்கள் வளர்த்ததைப் பாருங்கள். ராஜபாளையம் நாய், சிப்பிப்பாறை, கன்னி, எல்லாமே குட்டை முடி. நம் கரிசல் காட்டு வேம்பூர் ஆட்டுக்குக்கூடக் கம்பளி கிடையாது, ஒட்டின முடிதான். எந்த மண்ணில் எது பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் கம்பளி போர்த்திய மலைப் பிராணியை வாங்கிவந்து, அக்கினி நட்சத்திரத்தில் அதற்கு ரிப்பன் கட்டுகிறோம்.

"அமைதியா இருக்கும், கடிக்காது, அதான் பிள்ளைக்கு நல்லது."

அமைதியைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒன்று தெரியும். சத்தம் போடுகிற பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லை. திடீரென்று சத்தம் அடங்கிப்போன பிள்ளையைத்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கினி பிக் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி. வலியைக் காட்டினால் முதலில் பிடிபடுவோம் என்று நோவை மறைத்துக்கொள்ளும். நலமாக இருக்கிற கினி பிக் கீச்சிடும், ஓடும், கீரைக்கட்டின் சத்தம் கேட்டாலே கூப்பாடு போடும். உங்கள் மடியில் அசையாமல் கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். கவனியுங்கள்.

தனியாக வைப்பதும் பாவம். அது கூட்டமாக வாழ்கிற உயிர். கினி பிக்கை ஒற்றையாக வைக்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008-லேயே விதி போட்டார்கள். பொம்மி தனியாகத்தான் இருந்தது.

"போதும் டீச்சர், ஒரு எலிக்கு இவ்வளவு பேச்சா?"

இதைக் கேட்டது என் உடன்பிறந்த அண்ணனே. "பத்து கோழி வளர்த்து அறுத்த வீடு நம்ம வீடு, இதுக்குப் போய் அழுதியாக்கும்" என்றார். நான் சொன்னேன்: "அண்ணே, நம்ம அம்மா கோழியை அறுத்தா, ஆனா அந்தக் கோழிக்கு ஒரு நாளும் புழு வைக்கவிட்டதில்லை." திருவிழாக் கடைகளில் பச்சையும் ரோஸும் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பார்களே, வாங்கி மூன்றாம் நாள் குப்பையில் போட்டோமே, அதே கதைதான் இது. விலை மட்டும் கூடியிருக்கிறது. பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. வளர்க்கிறவர் போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் கொடுக்கத் தவறினால் அதன்படி குற்றம். 2018-ல் வந்த வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளில் கினி பிக் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. சட்டத்துக்கே அது வெறும் எலி இல்லை.

சரி, ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? அவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் தாமதமாகக் கற்றதை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. இன்றைக்கே முடியை வெட்டுங்கள். பின்பக்கமும் வயிற்றுப் பக்கமும் குட்டையாக இருக்கட்டும். நுனி மழுங்கிய கத்தரிக்கோல் போதும். தோல் ரொம்ப மெல்லிசு. சீப்பைத் தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் வைத்து வெட்டுங்கள். சிக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், வெட்டி எடுங்கள். பெரியவர்தான் வெட்ட வேண்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஊட்டட்டும்.

2. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். பிள்ளைகள் நின்றுகொண்டு தூக்கக் கூடாது. தரையில் உட்கார வைத்து மடியில் கொடுங்கள்.

3. தினமும் ஒரு முறை அடிப்பக்கம் பாருங்கள். ஈரம் இருந்தால் துடைத்துக் காயவிடுங்கள். ஈ மொய்க்கிற இடத்தில் வைக்காதீர்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகும். தேங்காய் எண்ணெய் தடவி முடி வளர்க்க வேண்டாம், தூசியும் புல்லும்தான் ஒட்டும். பவுடரும் வேண்டாம். அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாம்.

4. மருந்து தெளிக்காத இடத்து அருகம்புல்லைப் பறித்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, எந்நேரமும் கிடைக்கும்படி போடுங்கள். வளர்ந்த பிராணிக்குக் குதிரைமசாலை அன்றாடத் தீனியாக்க வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீரில் கல் சேரும். வைட்டமின் சி-க்குத் தினமும் ஒரு துண்டு கொடைமிளகாய், இடையிடையே சின்னத் துண்டு கொய்யா. முயல் தீவனத்தை மட்டும் நம்பாதீர்கள், அதில் வைட்டமின் சி சேர்த்திருக்க மாட்டார்கள்.

5. கம்பி வலைத் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தண்ணீரில் நனைத்த ஓட்டுத்துண்டோ செங்கல்லோ படுக்கப் பக்கத்தில் வையுங்கள்.

6. வாரம் ஒரு நாள் சமையல் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். பிள்ளைக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டுமானால் இந்த வேலையைக் கொடுங்கள். எடை இறங்கினால் அது பெரியவரிடம் சொல்லட்டும்.

7. ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின் அதற்கு எமன்.

போன் செய்த அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏலே, ஆணும் பெண்ணுமாக ஜோடி வாங்கியிருந்தால் உடனே பிரித்து வை. இரண்டே மாதத்தில் குட்டி போடும், போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகும். இரண்டும் பெண்ணா, ஆணா என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல் மருத்துவரிடம் காட்டு. கத்தரிக்கோலோடு ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். காபி மட்டும் போட்டு வை.

பேத்திக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். அன்று சொல்ல முடியவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்: "தாயி, நீ தினமும் சீவுன. உனக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான். அடியில பார்க்கணும்னு சொல்லித்தர வேண்டியவ ஆச்சி. நான்தான் பார்க்கல. இது உன் தப்பு இல்ல, என் தப்பு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ அந்த வீடியோவை எடுத்துருங்க ஆச்சி, அதுல பொம்மிக்கு வலிச்சிருக்கும்ல" என்றாள். அதைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் அதை நீக்கிவிட்டு, இந்தப் பதிவைப் பகிருங்கள். உங்கள் பிள்ளை கினி பிக் கேட்டு அழுதால் அழட்டும். நாலு நாளில் மறந்துவிடும். என் பேத்தி இன்னும் பொம்மியை மறக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சங்கரன்கோவில்